ஓர் உளுந்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு

ஜனவரி 17

பாப்பா பிறந்து இன்றோடு எட்டு நாள். பிறந்தபோது 980 கிராம், இன்று 905. பன்னிரண்டு வாரம் முந்திப் பிறந்தவளுக்கு முதலில் எடை இறங்கத்தான் செய்யும் என்றார் டாக்டர். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன?

வார்டு வாசலில் உட்கார்ந்து பழைய மருந்துக்கடை எடையில் கணக்குப் போட்டேன். இரண்டு பவுண்டு, ஐந்து அவுன்ஸ், இரண்டு ஸ்க்ரூப்பிள், ஆறு கிரெயின். வருஷா வருஷம் டி.பார்ம் பிள்ளைகளுக்கு நடத்துகிற வாய்ப்பாடுதான். இருபது கிரெயின் ஒரு ஸ்க்ரூப்பிள், மூன்று ஸ்க்ரூப்பிள் ஒரு ட்ராம், எட்டு ட்ராம் ஒரு அவுன்ஸ், பன்னிரண்டு அவுன்ஸ் ஒரு பவுண்டு. இதை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்பார்கள். யாருமில்லை, பரீட்சைக்கு வரும், எழுது என்பேன்.

905 என்று சொன்னால் உடனே முடிந்துபோகிறது. இது நீளமாக இருக்கிறது. மூன்று நான்கு வகை எடைக்கல் இருந்தால்தான் என் மகளை நிறுக்க முடியும்.

ஜனவரி 19

அவள் மூச்சுவிட மறந்துபோகிறாள். மறக்காமலிருக்கக் காஃபீன் கொடுக்கிறார்கள். ஜோஸ்வா "காப்பியா?" என்றார். கிட்டத்தட்ட அதேதான் என்றேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் முகத்தில் இப்படியொரு திகைப்பைப் பார்த்ததில்லை.

ஒரு நாளைக்கு ஐந்து மில்லிகிராம். ஒரு கிரெயின், அதாவது ஒரு தானிய மணி, அறுபத்தைந்து மில்லிகிராம். நம் சித்த மருத்துவக் கணக்கில் ஓர் உளுந்தெடையும் அதே அறுபத்தைந்து! எங்கோ ஒரு தானியம், இங்கே ஒரு பயறு, இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்பதை நினைத்தால் புல்லரிக்கிறது. வயலில் தெளித்த உளுந்தில் ஒன்று ஜோஸ்வாவின் சட்டைப்பையில் கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்து, இதைப் பதின்மூன்றாக அரிந்தால் ஒரு துண்டு, அதுதான் பாப்பாவின் மருந்து என்றேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லூரி அலமாரியிலுள்ள பழைய தராசில் அந்தத் துண்டை வைத்தால் முள்கூட அசையாது. அந்தத் துண்டில்தான் ஓர் உயிர் மூச்சு விடுகிறது.

ஜனவரி 24

16 கிராம் கூடியிருக்கிறாள். 247 கிரெயின். இருநூற்று நாற்பத்தேழு!

ஜனவரி 27

எட்டு கிராம் குறைவு. கால் அவுன்ஸ்தான்.

கூடினால் கிரெயினில் போடுகிறேன், குறைந்தால் அவுன்ஸில். நல்ல வாத்தியார்தான் நான்.

பிப்ரவரி 3

நேற்றுக் காலை எடை அட்டையில் "குறைவு 40" என்று எழுதி, பக்கத்தில் ஜி, ஆர் என்று இரண்டு எழுத்து. ஜி-ஆர் என்றால் கிரெயின், கிராமுக்கு வெறும் ஜி. மாற்றி எழுதும் பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைப்பவள் நான். நாற்பது கிரெயின் என்றால் இரண்டரை கிராம்தானே. ஒரத்தநாட்டில் வயலில் நின்ற ஜோஸ்வாவிடம் போனில் அப்படியே சொன்னேன். அப்படியானால் அறுப்பை முடித்துவிட்டு நாளை வருகிறேன் என்றார்.

சாயங்காலம் பாப்பா நீலமாகிவிட்டாள். கிருமித்தொற்று. பாலை நிறுத்தி, மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். குந்தவை சிஸ்டர், "நாப்பது கிராம் மேடம், காலையிலயே எழுதி வச்சிட்டனே" என்றார்.

எனக்குத் தெரியாதா? எந்த ஆஸ்பத்திரியில இன்னிக்குக் கிரெயின்ல எழுதுறாங்க? தெரிஞ்சேதான் அப்படிப் படிச்சேன். நாற்பது கிராம்னா என்னால நிக்க முடியாது, அதான். நேத்தே அவ போயிருந்தா? அவர் வந்து ஒரு தடவை பாக்கக்கூட இல்லாம —

ராத்திரியே கிளம்பி வந்துவிட்டார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை.

"கணக்கெல்லாம் வேணாம் ஃபெபி. கொறஞ்சா கொறஞ்சுதுன்னு சொல்லு. நானும் சேந்து பயப்படுறேன்" என்றார்.

பிப்ரவரி 4

குறைந்தது. இருபது கிராம். அவரிடம் சொன்னேன். இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம்.

பிப்ரவரி 9

மெஷினை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள்.

பிப்ரவரி 14

இன்று முதல் தடவையாக என் நெஞ்சில் வைத்தார்கள், தோலோடு தோலாக. எடையே தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. 1020 கிராமுக்குள் இமை இருக்கிறது, விரல் இருக்கிறது, விரலுக்கு நகம் இருக்கிறது. நடுவில் விக்கல் வேறு வந்தது. என் மார்பெலும்பில் வந்து தட்டியது அந்த விக்கல். ஆண்டவரே, இத்தனையையும் இதற்குள் எங்கே வைத்தீர்?

மார்ச் 20

1810 கிராம். வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜோஸ்வா அட்டையை என்னிடம் நீட்டி, மாற்றிச் சொல்லேன் என்று கிண்டல் செய்தார். எனக்கு வாய்ப்பாடே வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஏப்ரல் 21

வீட்டில் தராசு இல்லை. வாங்கி வரட்டுமா என்று ஜோஸ்வா கேட்டார், வேண்டாம் என்றேன்.

காலையிலிருந்து கையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். இதை எழுதும்போதும் இடது கையில்தான் தூங்குகிறாள். தோளிலிருந்து முழங்கை வரை வலி. எறக்கிப் போடேன் என்கிறார் அவர். இன்னும் கொஞ்ச நேரம் என்றேன்.

கனக்கிறாள்.