கம்புக்குத் தெற்கே முப்பது தப்படி

மே 11, சனி

ஏப்ரல் முதல் வாரத்தில் வந்து சுற்றிய பருந்து ஜோடி எங்கே கூடு கட்டியது என்று தேடுகிறேன். மூன்றாவது வாரமாக ஒன்றும் இல்லை. காலை ஏழிலிருந்து இரண்டு மணிவரை வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து பின்பக்கம் மரத்துப்போனதுதான் மிச்சம். நெல்வயல் பக்கம் அரிவாள் மூக்கன்கள் கூட்டம் கூட்டமாக இறங்கின. வண்டியில் வருகிற வெளியூர்க்காரர்களுக்கு அது போதும். படம் எடுத்துக்கொண்டு தாரிஃபாவுக்குப் போய்ப் பொரித்த மீன் சாப்பிடுவார்கள்.

நான் தபால் பையோடு இந்த லா ஹந்தா சமவெளியைச் சுற்றத் தொடங்கிய காலத்தில், கோதுமைக்குள் பத்தொன்பது கூடுகள் இருந்தன. சாம்பல் பூனைப்பருந்து. மரத்தில் கட்டாது, பாறையில் கட்டாது, அறுக்கப்போகிற பயிருக்குள் தரையில் முட்டை வைக்கும் முட்டாள் பறவை. போன வருடம் மூன்று கூடு. இந்த வருடம் இதுவரை பூஜ்யம்.

என்னோடு கூடு தேடும் ஃபெர்மின், காபிக் கடையில் நத்தைக் கிண்ணத்தைக் காலி செய்துகொண்டே சொன்னான்: "தபால்காரிக்கு இந்த வருஷம் கடிதாசு இல்ல போல."

மே 14, செவ்வாய்

ஆண் ஒன்று! வயல்காரர் தோன் அமாதோரின் கோதுமைக்கு மேல். பத்து இருபதுக்குக் காலில் ஓணானோடு வந்தது. பெண் பயிருக்குள்ளிருந்து கிளம்பி மேலே போய், தலைகீழாகத் திரும்பி, அது போட்டதைக் காற்றிலேயே பிடித்தது. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

பெண் எங்கே இறங்கியது என்று சரியாகத் தெரியவில்லை. ஒரே இடத்திலிருந்து பார்த்தால் போதாது.

மே 19, ஞாயிறு

ஃபெர்மின் மேற்கே சாலையோரம், நான் மேட்டில். பெண் பருந்து இறங்கும்போது இருவரும் திசைமானியில் கோணம் பார்த்து வரைபடத்தில் கோடு போட்டோம். இரண்டு கோடும் வெட்டிய இடத்தில் கூடு. நான் தேடிய வேறெங்கும் இன்னொன்று இல்லை. இந்தச் சமவெளி முழுக்க இந்த வருடம் இதுதான்.

ஃபெர்மின் மூன்று முறை கோணத்தைத் தப்பாகப் படித்தான். முப்பது வருடம் பார்பாத்தே கடலில் சூரை மீனைத் தேடிய கண். "கண்ணாடில அழுக்கு" என்கிறான். அழுக்கு கண்ணாடியில் இல்லை.

மே 26, ஞாயிறு

பயிருக்குள் போய் வந்தோம். நான்கு முட்டை. ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. வழக்கம்போல மூங்கில் கம்பைக் கூட்டின் அருகே நடாமல், முப்பது தப்படி வடக்கே தள்ளி நட்டேன். ஒரு வருடம் எவனோ கம்பைப் பார்த்துப் போய் ஐந்து குஞ்சுகளையும் அள்ளிக்கொண்டு போனான். அதிலிருந்து இதுதான் எங்கள் ஏற்பாடு. எனக்குத் தெரியும், ஃபெர்மினுக்குத் தெரியும், அறுவடை இயந்திரம் ஓட்டும் கசியானோவுக்குத் தெரியும். கம்பைப் பார்த்ததும் தெற்கே முப்பது தப்படி எண்ணி, அங்கே ஒரு சதுரம் அறுக்காமல் விடுவான். வயல்காரருக்குக்கூட நாங்கள் சொன்னதில்லை. குடித்தால் அவருக்கு வாய் நிற்காது.

ஜூன் 4, செவ்வாய்

ஃபெர்மினைக் காதிஸுக்குப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். மகள் வீட்டில் தங்கிக் கண் அறுவை சிகிச்சை. பயந்துபோயிருக்கிறான், காட்டிக்கொள்ளவில்லை. "பறவைய நல்லா பாத்துக்க" என்றான். என்னவோ அவன் பெற்ற பிள்ளை மாதிரி.

பெண் பருந்து இன்று இரை வாங்கிக்கொண்டு நேரே கூட்டுக்கு இறங்கியது, தானே தின்னவில்லை. பொரித்துவிட்டன!

ஜூன் 9, ஞாயிறு

தோன் அமாதோர் போன் செய்தார். "எலாடியா, அறுப்ப முன்னாடி இழுத்துட்டோம். புதன்கிழம ஒங்க கூடு இருக்கற பக்கம். கசியானோ இந்த வருஷம் வரலம்மா, இடுப்பு போயிடுச்சு. லெப்ரிஹாலேருந்து ஆளுங்க வராங்க. கவலப்படாத, கம்பப் பாத்து பத்து மீட்டர் விடச் சொல்லிட்டேன்."

நன்றி சொன்னேன். கேட்காமலே செய்கிறார். முதல் வருடம் இந்த மனுஷனைச் சம்மதிக்க வைக்க நான் எத்தனை நடை நடந்தேன்!

ஃபெர்மினுக்கு நாளை அறுவை. மகளிடம் இரண்டு முறை பேசினேன்.

ஜூன் 11, செவ்வாய்

லெவாந்தே. கிழக்குக் காற்று இரண்டாவது நாளாகச் சாளரங்களை உலுக்குகிறது. ஃபெர்மினின் கண்கட்டை அவிழ்த்துவிட்டார்களாம், நன்றாகத் தெரிகிறதாம். நாளை பத்து மணிக்குள் வயலில் இருக்க வேண்டும். பனி உலராமல் இயந்திரம் இறங்காது.

ஜூன் 12, புதன்

எழுதத்தான் வேண்டும்.

ஒன்பதரைக்குப் போனேன். வயல் முடிந்திருந்தது. லெவாந்தே அடிக்கும்போது பனி ஏது? எனக்குத் தெரியாதா? ஆறு மணிக்கே இறங்கிவிட்டார்கள்.

நடுவில் சதுரமாகக் கொஞ்சம் கோதுமை நின்றது. அதன் மையத்தில் என் கம்பு. தூரத்திலிருந்து பார்த்து, அப்பாடா என்று நினைத்தேன். நினைத்தேன், உண்மை. வண்டியை நிறுத்திக் கதவைச் சாத்தும்போதுதான் முப்பது தப்படி நினைவுக்கு வந்தது.

ஓட்டுநர் எனக்காகக் காத்திருந்தான். நாற்பது வயதிருக்கும், எலிசேயோ என்று பெயர். முகமெல்லாம் தூசி, சிரிப்பு.

"நீங்கதானே பறவைக்கார சென்யோரா? முதலாளி பத்து மீட்டர்னாரு. நான் பதினஞ்சு விட்டிருக்கேன், பாருங்க. என் பொண்ணுக்குக் காட்ட ஒரு போட்டோ எடுக்கலாமா? எட்ட நின்னுதான் எடுப்பேன். கூடு எங்க?"

கம்பிலிருந்து தெற்கே நடந்தேன். எண்ணவேண்டிய அவசியமில்லை, ஆனாலும் எண்ணினேன். அவன் பின்னாலேயே வந்தான்.

மூன்று குஞ்சுகள், உயிரில்லை. வெள்ளைப் பஞ்சு இன்னும் உதிராதவை. நான்காவது வைக்கோலுக்கு அடியில் அசைந்தது.

எலிசேயோ தொப்பியைக் கழற்றினான். திரும்பிக் கம்பைப் பார்த்தான். "கம்பு அங்கதானே இருக்கு?"

சொன்னேன். திருட்டு, ஏற்பாடு, முப்பது தப்படி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் குனிந்து வைக்கோலைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "என்கிட்ட சொல்லியிருக்கலாமே, சென்யோரா."

திட்டியிருந்தால் பரவாயில்லை. நான் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததே, கசியானோ வரவில்லை என்று காதால் கேட்டேனே — ஏன் தோன்றவில்லை? பதினைந்து வருடமாக யாருக்கும் சொல்லாமல் இருந்து, சொல்லவேண்டும் என்பதே மறந்துபோய்விட்டதா?

நான்காவதை எடுத்துக்கொண்டு நாங்கள் கிளம்பும்போது பெண் பருந்து ஓணானோடு வந்து அந்த அறுத்த தாளடியில் இறங்கி நின்றது.

ஜூன் 13, வியாழன்

இன்னும் இரை கொண்டுவருகிறது.

ஜூன் 15, சனி

பறவை மருத்துவரிடம் விட்டிருந்த நான்காவதும் போய்விட்டது. காலையில் போன் வந்தது. தக்காளி தேய்த்த ரொட்டியை வாயில் வைத்திருந்தேன். துப்பிவிட்டேன்.

எலிசேயோ என் எண்ணை எப்படியோ வாங்கிக் கூப்பிட்டான். "அந்தக் குட்டி எப்பிடி இருக்கு?" சொன்னேன். "ஐயோ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

ஜூன் 20, வியாழன்

ஃபெர்மின் புதுக் கண்ணோடு வந்தான். நேரே வயலுக்குத்தான் போனான். அரை கிலோமீட்டருக்கு அப்பால் வேலிக்கம்பியில் வானம்பாடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்கிறான். சொல்லிவிட்டு அழுதான்.

"என்னைத் திட்டேன்" என்றேன்.

"எதுக்கு? கம்பத் தள்ளி நடலாம்னு சொன்னதே நான்தானே. பெரிய புத்திசாலின்னு நெனப்பு."

பிறகு கடையில் போய் உட்கார்ந்தோம். காபி ஆறிப்போனது. எழுந்திருக்கும்போது, "எனக்கு இனிமே வேணாம் எலாடியா, நீ கூப்பிடாத" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

கணக்கெடுப்புப் படிவம் அனுப்ப வேண்டும். கண்ட கூடு: ஒன்று. பறந்த குஞ்சு: பூஜ்யம். அழிந்த காரணம் என்று ஒரு கட்டம். நரி, தீ, இயந்திரம், தெரியாது. "இயந்திரம்" என்று போட்டால் எலிசேயோ தலையில் விழும். "நாங்கள்" என்று ஒரு கட்டம் இல்லை. ஓரத்தில் கையால் எழுதி அனுப்பினேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

தாரிஃபாவில் கடல் கடக்கும் பறவைகளை எண்ணக் கூப்பிட்டார்கள். போகவில்லை. துணி துவைத்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

எலிசேயோ போன். ஏப்ரலில் நெல்வயல் சமன் செய்ய இந்தப் பக்கம்தான் வேலையாம். "இந்தத் தடவ எங்க இருக்குன்னு மொதல்லயே எனக்குக் காட்டிடுங்க. என் கூட்டாளிங்க மூணு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. அந்தப் பக்கம் வண்டியே எறக்க மாட்டோம்."

சரி என்றேன். ஃபெர்மினிடம் சொல்லப் போனேன். கதவைத் திறந்தான், உள்ளே கூப்பிடவில்லை.

ஏப்ரல் 9, புதன்

இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

எனக்கு முன்பே எலிசேயோ மேட்டில் இருந்தான். வேலைக்குப் போகும் முன் தினமும் ஒரு மணி நேரம் வந்து நிற்கிறானாம். புதுத் தொலைநோக்கி, மலிவானது, கழுத்தில் பட்டையோடு விலைச்சீட்டும் தொங்குகிறது. தெற்கே பார்த்தபடியே கேட்டான்: "ஆப்பிரிக்காவுலேருந்து இப்பிடித்தானே வரும்?"

"இப்படித்தான்."

"நேத்து ஒண்ணு பாத்தேன். அப்புறம் பாத்தா காக்கா." அவனே சிரித்தான். "எப்ப வரைக்கும் வரும் சென்யோரா? இன்னும் நாள் இருக்கா?"

இருபத்து மூன்று வருடக் குறிப்புகளும் வீட்டில் அடுக்கியிருக்கின்றன. ஏப்ரல் பன்னிரண்டைத் தாண்டி இங்கே கூடு கட்ட ஒரு ஜோடி வந்ததில்லை. ஒருமுறைகூட இல்லை.

"மே வரைக்கும் பார்க்கலாம்" என்றேன்.

"அப்ப நேரம் இருக்கு" என்று தன் ரொட்டியைப் பிட்டுப் பாதியை என்னிடம் நீட்டினான். உள்ளே பன்றிக்கொழுப்பு, நிறைய உப்பு. இருவரும் தெற்கே பார்த்துக்கொண்டே தின்றோம். நாளைக்கும் ஆறரைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.