சாமி உட்கார்ந்த பலகை

நாடு முழுக்கக் கடிகார முள்ளை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்த வருடம் அது. ரேடியோவில் சொன்னார்கள், எல்லாரும் தள்ளினோம். சூரியனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. முந்தின மாதம் வரை ஏழு மணிக்கு வெளிச்சத்தில் சாரம் ஏறியவர்கள், அதே ஏழு மணிக்குக் கால் வைக்கும் இடம் தெரியாத மங்கலில் ஏறினோம். பக்கத்தில் தயாபூமிக் கட்டடத்துக்கு அஸ்திவாரத் தூண் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொரு அடியும் நம் சாரக் கழிகள் வழியாக ஏறி உள்ளங்காலில் இடிக்கும். அந்த வருடம்தான் நீ என் தாடையை உடைத்தாய்.

போன வாரம் மணிக்கூண்டுக்கு நேர் கீழே நின்று அது அடித்ததைக் கேட்டேன். முதல் அடிக்கே காதுக்குக் கீழே எலும்பு டக்கென்றது. மழைக்கு வலிக்கும், பல்லைக் கடித்தால் வலிக்கும், இப்போது மணி அடித்தாலும் வலிக்கிறது. நல்ல வேலைக்காரன் நீ, கிள்ளான்காரா. கட்டியதும் நின்றது, உடைத்ததும் நின்றது.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். உன் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்த பிறகு, உன்னிடம் பேச எனக்கு இந்த வழிதான் இருக்கிறது. போன வாரம் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் வேலை செய்த மணிக்கூண்டுக் கட்டடத்தைப் பழுது பார்த்துத் திரும்பத் திறந்துவிட்டார்கள். பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. செங்கல் சிவப்பு, நடுவில் வெள்ளைப் பட்டை, குதிரை லாடம் மாதிரி வளைவுகள், மேலே செம்புக் குவிமாடம் மூன்றும் புதுப் பாத்திரம் போல. வெள்ளைக்காரன் இந்த நாட்டை ஆள நாற்காலி போட்ட இடம் அது. எதிரே பாடாங் திடலில் அவன் கொடி இறங்கி நம் கொடி ஏறியபோது இந்த மணிக்கூண்டுதான் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு நம் அரசாங்கம் அங்கே உட்கார்ந்தது. நாம் வேலைக்குப் போன காலத்தில் அதைக் கோர்ட்டாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பெரிய ஆபீசுகள் புது அரசாங்க ஊரான புத்ராஜெயாவுக்குப் போயின, கோர்ட்டும் காலி செய்தது, வௌவால் குடி வந்தது. இப்போது வாசலில் நின்று எல்லாரும் போனில் படம் பிடிக்கிறார்கள்.

நாம் படம் பிடிக்கவில்லை. நாம் ஒருவர் மேல் ஒருவர் கல் எறிந்தோம்.

காண்டிராக்டர் செய்த வேலை அது. தெற்குக் கோடியில் பிரிக்பீல்ட்ஸ் ஆட்களான எங்களை ஏற்றினான், வடக்குக் கோடியில் கிள்ளானிலிருந்து லோரியில் உங்களைக் கொண்டுவந்து இறக்கினான். எந்தப் பக்கம் முதலில் மணிக்கூண்டுக்கு வந்து சேருகிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் கோபுர வேலை என்றான். இரண்டு நாயை விட்டு நடுவில் ஒரு எலும்பு. முதல் நாளே நீ மேலிருந்து கத்தினாய்.

"டேய் செங்கச்சூளை! உங்க பாட்டன் சுட்ட கல்லு எப்படி உதிருது பாருங்கடா!"

"போடா நண்டு! சேத்துல நடக்கிறவனுக்குச் சாரம் எதுக்கு?"

பிரிக்பீல்ட்ஸ் மண்ணில்தான் அந்தக் காலத்தில் இந்த ஊருக்கே செங்கல் சுட்டார்கள் என்று எங்களுக்கு ஒரு திமிர். நான் சொல்லி வாய் மூடவில்லை, நீ எறிந்த அரைக் கல் என் தோளில் விழுந்தது. நான் ஏறி வந்து உன் காதைப் பிடித்துக் கழியில் மோதினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒரு மண்டை உடைந்திருந்தது. போலீஸ்காரர் ஒருவர் திடலைத் தாண்டி நடந்து வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு, "காஃபி குடிச்சிட்டு வரேன், அதுக்குள்ள முடிச்சுக்குங்க" என்பது போலத் திரும்பிப் போனார். அந்த மாதம் முழுக்க இப்படித்தான். காரைக்கரண்டி, கயிறு, வாளி, கையில் எது கிடைத்தாலும் ஆயுதம். நீயும் நானும் மட்டும் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்து அடித்துக்கொண்டோம். உன் தம்பி சேகர்தான் நடுவில் வந்து விழுந்து பிரிப்பான். நமக்கு விழ வேண்டிய அடியில் பாதி அந்தப் பையன் முதுகில்.

கடைசியில் சண்டை முனியாண்டியிடம் போனது. ஆற்றோரம் தூங்குமூஞ்சி மரத்தடியில் கல் நட்டு வைத்திருந்தோமே, கோபுரத்தில் ஏறும் முன் அவருக்குச் சேவல் அறுக்க வேண்டும். முதல் சேவல் யாருடையது என்று கத்தி எடுக்கும் அளவுக்குப் போனபோது, மண்டோர் கிழவன் நடுவில் வந்து நின்றார். இரண்டு பக்கத்துக்கும் மேஸ்திரி அவர்தான்.

"ஒரே சேவல். ரெண்டு கூட்டமும் காசு போட்டு வாங்குங்க. ஒரே பலகையில படையல். ஒத்துக்கலன்னா ரெண்டு பயலுகளும் லோரி ஏறுங்க."

நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. படையலுக்கு வாழை இலையைத் தரையில் போடமாட்டோம். சாரத்தின் உச்சி அடுக்கிலிருந்து ஒரு நடைப்பலகையை இறக்கி, அதைக் கழுவி, மஞ்சள் தடவி, அதன்மேல் வைப்போம். நம் கால் மிதிக்கும் பலகையில் அவர் உட்கார்ந்துவிட்டால், அடுத்த நாள் நம் காலை அவர் பிடித்துக்கொள்வார் என்று நம்பிக்கை. இறக்கச் சொன்னவன்தான் திரும்ப ஏற்ற வேண்டும். வேறு எவன் தொட்டாலும் குற்றம். சாமி உட்கார்ந்த பலகை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ மேலே நின்று என்னைக் கூப்பிட்டாய். ஒரு மாதத்தில் முதல் தடவையாக வசைச்சொல் இல்லாமல். "செங்கல்லு, எங்க பக்கத்துப் பலகைய எடுத்துக் கீழ கொண்டு போ. ரெண்டு பக்கமும் சேர்ந்ததுன்னு இருக்கட்டும்." நான் தோளில் வைத்து இறக்கினேன். உன் அம்மாவும் தங்கையும் கிள்ளானிலிருந்து சோறு ஆக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். நான் பலகையோடு இறங்கியதை உன் தங்கை பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாராங் கத்தியால் ஒரே வெட்டு. சேவலின் தலை ஒரு பக்கம் விழ, உடம்பு எழுந்து ஓடி உன் தம்பியின் காலில் மோதி அவன் வேட்டியெல்லாம் ரத்தம். எல்லாரும் சிரித்தோம். சாமி உன்னைத்தான் பிடித்திருக்கிறது என்று நான்கூட அவனிடம் சொன்னேன். சுருட்டும் சாராயமும் முதலில் அவருக்கு, பிறகு நமக்கு. கிளம்பும்போது பலகையைத் திரும்ப ஏற்ற வேண்டாமா என்று உன்னிடம் கேட்டேன்.

"நீ போடா. நான் ஏத்திடுறேன்" என்றாய். உன் கை என் கழுத்தைச் சுற்றியிருந்தது. நெரிக்காமல் அந்தக் கை என் கழுத்தில் கிடந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை மங்கலில் உன் தம்பிதான் முதலில் ஏறினான். கத்தல்கூடக் கேட்கவில்லை. ஈர மணல் மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓடி வந்தபோது வளைவுக்குக் கீழே, வெள்ளைப் பட்டையில் ரத்தம் தெறித்திருந்தது. மேலே அண்ணாந்து பார்த்தோம், உச்சி அடுக்கில் ஒரு பலகை அளவு வானம். பிறகு நீயும் நானும் ஒரே நேரத்தில் மரத்தடியைப் பார்த்தோம். பலகை அங்கேயே கிடந்தது. காக்கை ஒன்று அதன்மேல் நின்று மஞ்சள் சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தது.

நான் உன் பக்கம் திரும்பி, "நீதானே..." என்று வாயைத் திறந்தேன். அந்த வாயில்தான் அடித்தாய்.

கையால் முதல் அடி. விழுந்த பிறகு கழித்துண்டால். "நீதான்டா எடுத்தே! எங்க பலகைய நீதான்டா எடுத்தே!" என்று அலறிக்கொண்டே அடித்தாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் பலகையை இறக்கியதை எல்லாரும் கண்டிருந்தார்கள். உன் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். மண்டோர் கிழவன் என்மேல் படுத்துக்கொண்டதால் பிழைத்தேன். அவருக்கு இரண்டு விலா எலும்பு போனது.

பெரிய ஆஸ்பத்திரியில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டார்கள். குழாயில் கஞ்சித் தண்ணீர். நான் பேசலாம் என்று டாக்டர் சொல்வதற்குள் விஷயம் முடிந்திருந்தது. தவறி விழுந்தான் என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள். செங்கச்சூளைக்காரன் வஞ்சம் வைத்துப் பலகையை எடுத்தான் என்று கிள்ளானில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கை சும்மாதான் இருந்தது, ஆனால் எழுத்து தெரியாதே.

கம்பி எடுக்கும் முன் ஒரு மதியம் நீ வந்தாய். கட்டிலில் உட்காரவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாய்.

"அம்மாவுக்கு ரெண்டு ஆம்பளப் பிள்ளைங்க. ஒண்ணு போச்சு. மிச்சம் இருக்கிறவன்தான் கொன்னான்னு தெரிஞ்சா ரெண்டும் போச்சு. உன்னைக் கெஞ்சல. வேணும்னா வெளிய வந்து என்னைக் கொல்லு."

வெளியே வந்ததும் கொல்லத்தான் தேடி வந்தேன். துறைமுகத்துப் பக்கம் உன்னைப் பிடித்தேன். நீ கையைத் தொங்கவிட்டு நின்றாய். மூக்கில் குத்தினேன், விழுந்தாய், எழுந்தாய், மறுபடி நின்றாய். ஓங்கிய கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இரண்டு பேரும் சாலையோரக் கடையில் உட்கார்ந்தோம். நீ ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எனக்குக் கஞ்சி வாங்கினாய்.

"உன் அம்மா இருக்கிற வரைக்கும்" என்றேன். அம்மா போன பிறகு, "தங்கச்சி இருக்கா" என்றாய். கடைசியில், போன மழைக்காலத்தில், மூச்சுக்குக் குழாய் போட்டிருந்தபோது என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "நான் போனதும் அவகிட்ட சொல்லிடு. உன்னைத் திட்டிட்டே அவ சாகக் கூடாது."

வருடா வருடம் தீபாவளிக்கு முன் கேரி தீவிலிருந்து நண்டு வாங்கி, சமைத்து, டப்பாவில் கொண்டுவருவாய். ஓடு இருக்காது. வெறும் சதை, வாயில் வைத்தால் கரையும். யார் செய்தது என்று நான் கேட்டதில்லை. பெண்டாட்டி இல்லாதவன், கடையில் சொல்லி வாங்குவான் என்று நினைத்தேன்.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். உன் தங்கை போன் போட்டாள். அத்தனை வருடத்தில் முதல் தடவை.

"கட்டடத்தைத் திறந்துட்டாங்களாம். எங்க சின்ன அண்ணன் எங்கே விழுந்தான்னு நான் பார்க்கணும். காட்டுறதுக்கு இப்ப வேற ஆள் இல்ல. கொன்னவன்தான் மிச்சம். வந்து காட்டு."

போனேன். கையில் குடையோடு நின்றாள், அறுபது தாண்டிவிட்டது, உன் அம்மாவின் நெற்றி. வளைவைக் காட்டினேன். சுவரைத் தடவிப் பார்த்தாள். சுத்தமாகக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒன்றுமே நடக்காத சுவர்.

"மேலேருந்து நீ பலகையத் தூக்கிட்டு வந்தத என் கண்ணால பார்த்தேன்" என்றாள்.

"இறக்கினது நான்தாம்மா. இறக்கச் சொன்னது உங்க பெரியண்ணன். திரும்ப ஏத்திடுறேன்னு சொன்னதும் அவர்தான்."

குடை என் கன்னத்தில் இறங்கியது. உன் குடும்பத்துக்கு வேறு இடமே தெரியாதா? மறுபடி அடித்தாள். கம்பி வளைந்தது. படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் பக்கம் போனைத் திருப்பினார்கள். காவல்கார மலாய்ப் பையன் ஓடி வந்து, "பாச்சிக், ஓகே கா?" என்றான், பெரியவரே, பரவாயில்லையா என்று. ஓகே என்று கையைக் காட்டினேன்.

"செத்தவன் மேல பழி போடுறியே! அவன் எழுந்து வந்து இல்லேன்னு சொல்லுவானா?"

"சொல்ல மாட்டார். அதனாலதான் வருஷா வருஷம் எனக்கு நண்டு கொண்டாந்தாரு."

குடை பாதியில் நின்றது.

"என்ன நண்டு?"

"ஓடு எடுத்த நண்டு. என்னால கடிக்க முடியாதுல்ல."

"பல்லு இல்லாத ஒரு சாமியாருக்குன்னு சொன்னானே" என்றாள். "ஓட்டை எல்லாம் உடைச்சு சதைய மட்டும் எடு, ஒரு துண்டு ஓடுகூட இருக்கக் கூடாதுன்னு பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பான். கை கிழிஞ்சி கிழிஞ்சி நான்தானே செஞ்சேன். அது உனக்கா?"

அப்போதுதான் மணி அடித்தது. அவள் அந்த வளைவின் கீழே, உன் தம்பி விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. போகும்போது வளைந்த குடையை என்னிடமே எறிந்துவிட்டுப் போனாள்.

நேற்று அவள் மகன் ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தான். திறந்து பார்த்தேன். நண்டு. ஓட்டோடு, காலோடு, கொடுக்கோடு, முழுசாக. "அம்மா ஒண்ணும் சொல்லல அங்கிள், குடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றான். கட்டிலுக்கு அடியில் கிடந்த கொத்துச் சுத்தியலை எடுத்து, வாசல் சிமெண்டில் வைத்து ஓங்கி ஓங்கி அடித்தேன். ஓடு தெறித்து மருமகள் முகம் வரை போனது. திட்டிக்கொண்டே எழுதுகிறாள். தாடை வலிக்க வலிக்க, ஒரு துண்டு விடாமல் தின்றேன்.

அன்றைக்கு மரத்தடியில் அந்தச் சேவல் கறியைத் தின்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மண்டோர் கிழவன், உன் அம்மா, இரண்டு பக்கத்து ஆட்கள், இப்போது நீ. என்னைக் கணக்கில் சேர்க்காதே, இந்தத் தாடையைத் தூக்கிக்கொண்டு நானும் வந்துகொண்டே இருக்கிறேன். நான் வந்த பிறகு அந்தப் பலகையை எவன் இறக்கினான், எவன் ஏற்றாமல் விட்டான் என்று தெரிந்து, உயிரோடு மீதி இருப்பவள் ஒருத்திதான். உன் தங்கை மல்லிகா.