எஸ்போசிட்டோ என்ன ஆக்கள்?

ஞாயிறு, ஒக்டோபர் 12

மகள் கட்ட விரும்பும் இத்தாலியப் பொடியனின் வீட்டுக்கு மதியம் சாப்பிடப் போனோம். மறுக்க ஒரு காரணம் அகப்படும் என்றுதான் போனேன். எஸ்போசிட்டோ என்ற குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று அவனுடைய தகப்பனிடம் பிரெஞ்சில் மரியாதையாகக் கேட்டேன். மகள் என்னை முறைத்தாள்.

"அப்பா, என்ன ஆக்கள், என்ன சாதி எண்டுதானே கேக்கிறியள்?"

அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார். நேப்பிள்சில், பெற்றவர்கள் மடத்து வாசலில் விட்டுப்போன குழந்தைகளுக்கு வைத்த பெயராம் அது. 'வெளியே வைக்கப்பட்டவன்' என்று பொருள். அவர்களுடைய வம்சம் அப்படி ஒரு குழந்தையில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் யாரென்று எவருக்கும் தெரியாது. சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் பாஸ்தா வைத்தார்.

வீடு திரும்பியதும், நகரின் மறுபக்கம் சென்ட் லோரன்டில் இருக்கும் அக்கா தொலைபேசி எடுத்தாள். ஊரில் நான் விரும்பிய பெண்ணை ஒரே கேள்வியால் தட்டிக்கழித்தவள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"பொடியன் என்ன ஆக்களடா?"

அதே கேள்வி. மதியம் நானும் அதைத்தான் கேட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"கண்டெடுத்த ஆக்கள், அக்கா."

"அதென்ன ஆக்கள்?"

"விசாரிச்சுப் பாருங்கோவன். மடத்து வாசலோட முடிஞ்சிடும்."

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டாள். உடனே மகளிடம் சம்மதம் சொன்னேன்.

அந்தக் குழந்தையை வைத்துவிட்டுப் போன தாய்க்கு என்ன கஷ்டமோ, பாவம். பெயர் சொல்லாமல் போனாளே, அவளுக்கு நன்றி. அந்த வீட்டுக்குப் போகிற என் பிள்ளையை இனி ஒருவரும் விசாரிக்க முடியாது.