மச்சான் வலையில் நான் போட்ட ஓட்டை

செவ்வாய், இரவு.

காசிமேட்டுச் சக்கரவர்த்தியாகிய நான் இன்று மச்சானின் வலையைப் பொசுக்கிவிட்டேன். நைலான் கயிற்று முனைகள் பிரியாமலிருக்க, வீட்டில், சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் உருக்கிக்கொண்டிருந்தேன். அதன் அனலில் எண்ணூர்க் கடலே கொதித்திருக்கும். சுவிட்சை அணைத்ததும் சூடும் போய்விட்டதென்று நினைத்து, அதை வலைக்குவியல்மேல் சாய்த்தேன். திரும்பினால் புகை.

"இன்னா மாமு, திமிங்கலத்துக்கு வாசல் வெச்சிகினு கீறியா?" என்றான் மச்சான். ஆனால் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை அந்த வலையோடுதான் அவன் கடலுக்குப் போக வேண்டும்.

"நாளைக்கே பின்னிக் குடுக்கறேன்டா" என்றேன்.

மீதிக் கயிற்றை இப்போதுதான் முடித்தேன். ஹீட் கன் வெறும் சிமெண்டுத் தரையில், மூக்கு மேலே பார்க்க நிற்கிறது. ஆறும்வரை தூங்கமாட்டேன். அதுவரை வலை ஊசியில் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.