பதினான்காம் நிமிடத்து முட்டாள்

ஜாதவ்பூர், கொல்கத்தா
வியாழக்கிழமை

சிரஞ்சீவி அபினவுக்கு அப்பா எழுதுவது. ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் வலது முழங்காலைத் தவிர. கிளாஸ்கோவில் நீயும் மருமகள் ஹம்சினியும் சௌக்கியமாக இருப்பதை வாராவாரம் உன் வீடியோவில் நாற்பதாயிரம் பேரோடு சேர்ந்து நானும் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன், தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். லாஹிரியின் அந்தப் பச்சைத் தூண்டில் ரீல் இருக்கிறதே, இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்து முடிக்கும்வரை அதன் உடம்பில் பெயிண்ட் ரிமூவரைத் தடவாதே. ஞாயிற்றுக்கிழமை நேரலையில் எல்லார் முன்னாலும் உரிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாய், அதற்குள் படித்துவிடு. ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனில் நீ மூன்றாவது வாக்கியத்தில் வங்காளிக்கும் நாலாவதில் இங்கிலீஷுக்கும் போய்விடுவாய், நானும் உன் பின்னாலேயே வந்து சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால் காகிதத்தில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை, மெதுவாகவே படி.

வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பால்கனித் தரையில் நான் சிந்தியிருக்கும் பெயிண்ட் ஒவ்வொரு பொட்டும் அவளுக்குத் தெரிகிறது, அதைப் பற்றி தினமும் பேச்சு. லிஃப்ட் ஓடுகிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன். அபி, எனக்கு உன் மேல் பொறாமை. பெற்ற பிள்ளை மேல் பொறாமை என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாக இந்த ஊரில் பழைய மீன்பிடி ரீல்களைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த பல்சக்கரத்துக்கு மாற்றுச் செய்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பாங்கில் எதிர் மேஜைக்காரர் ஒரு நாள் கரகரவென்று சத்தம் போடும் ஒரு ரீலை என்னிடம் கொண்டுவந்து, அனந்ததா, இந்த ஹுயிலுக்கு என்ன வியாதி பாருங்கள் என்றதில் ஆரம்பித்தது. மீனை நான் தொட்டதில்லை, தின்றதில்லை, ஒரு நாளும் தூண்டில் போட்டதில்லை. ஆனாலும் சாந்த்ராகாச்சிக்கு அப்பால் மீன் பிடிக்க டிக்கெட் வாங்கிக்கொண்டு குளத்தங்கரையில் உட்காரும் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் நான் பிரித்துச் சேர்த்த ரீல்தான். நீ இங்கே இருந்தவரை மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பால்கனியைக் கடந்தவன். இரண்டு வருஷம் முன்னால் ஏதோ பழைய சாமான் கடையில் ஒரு ரீல் வாங்கினாய், எவனோ போட்ட வீடியோவைப் பார்த்தாய், இன்றைக்கு உனக்குப் பெயிண்ட் பீய்ச்சும் மெஷின், அதைக் காயவைக்கத் தனி அடுப்பு, விளக்கு, காமிரா. நான் கொசுவலைக்குள் வைத்துக் காயவைத்தவன். நம் தெரு முனையில் உட்காரும் மீன்காரன், நம் வீட்டில் ஒரு செதில்கூட விற்றிராதவன், என்னை நிறுத்தி, காக்கு, உங்கள் பிள்ளைக்கு என்ன கை என்று வியக்கிறான். பிள்ளைக்குத்தான் கை இருக்கிறதாம். அம்மாவிடம் சொன்னேன். பெத்த பிள்ளையைப் பாத்து வயிறெரியற அப்பாவை இப்பத்தான் பாக்கறேன், இந்தாங்கோ மோர், குடிங்கோ என்றாள்.

இதெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன், லாஹிரி செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. நிர்மால்ய லாஹிரியை உனக்குத் தெரியும், அலிப்பூர் வீடு, அவன் அப்பா கோர்ட்டில் பெரிய வக்கீலாக இருந்தவர். அந்தப் பெரிய லாஹிரியின் ரீலை அவர் இருந்த காலத்தில் என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. இரண்டு மாதம் முன்னால் இந்த நிர்மால்ய ஒரு டப்பா சந்தேஷ் இனிப்போடு வந்து சோபாவில் உட்கார்ந்து, அப்பாவின் ரீலைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஆரம்பித்தான். நான் கையை நீட்டிவிட்டேன், அபி. அவன் சிரித்துக்கொண்டே, போன வாரம்தான் கிளாஸ்கோவுக்குப் படிக்கப் போகிற மருமகன் பெட்டியில் வைத்து உன்னிடம் அனுப்பிவிட்டதாகவும் எல்லாம் ஒரே வீடுதானே என்றும் சொன்னான். என் பால்கனிக்கும் அவன் வீட்டுக்கும் ஆட்டோவில் அரை மணி. அதைத் தாண்டிக் கடல் தாண்டி ரீல் போய்விட்டது. வாயில் இருந்த சந்தேஷ் உள்ளேயும் போகவில்லை வெளியேயும் வரவில்லை. ரொம்ப நல்லது என்று மட்டும் சொன்னேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை அந்த வீடியோ வந்தது. லாஹிரி வீட்டில் பெரிய டிவியில் போட்டார்கள், தூண்டில்காரர்கள் எட்டுப் பேர், நான் ஒன்பதாவது. பதினான்காவது நிமிஷத்தில் ரீலின் மூடியைக் கையில் எடுத்து விளக்கில் திருப்பிக் காட்டினாய். பிரைமர் இல்லை, பெயிண்ட் வழிந்து நிற்கிறது, எந்த முட்டாள் இதை அடித்தானோ, பிரஷ்ஷால் அடித்தானா துடைப்பத்தால் அடித்தானா என்றாய். எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். இருபத்திரண்டாவது நிமிஷத்தில் மூடியின் ஓரத்தில் சுற்றி ஓடும் பொன்னிறக் கோட்டைக் காட்டி, ஆனால் இதைப் போட்டவன் வேறு ஆள், இந்த மாதிரி ஒரு கோட்டை என்னால் போட முடியாது என்றாய். சொன்னதோடு விடாமல் உரித்தும்விட்டாய். பிறகு டேப் ஒட்டி மூன்று தடவை அதேபோல் போடப் பார்த்தாய், மூன்று தடவையும் பெயிண்ட் டேப்புக்கு அடியில் கசிந்துவிட்டது. அந்த இருபத்திரண்டாவது நிமிஷத்தை நான் வீட்டுக்கு வந்து பதினோரு தடவை போட்டுப் பார்த்தேன்.

நீ புத்திசாலி, இதற்குள் ஊகித்திருப்பாய், இருந்தாலும் நானே சொல்கிறேன். அந்த முட்டாள் நான்தான். தொண்ணூற்று நாலாம் வருஷம் பெரிய லாஹிரி அந்த ரீலை எண்ணெய் போடக் கொடுத்தார், எண்ணெய் மட்டும்தான். ஒரு திருகு இறுகிப் போயிருந்தது. ரீலைத் தூண்டில் கம்போடு பிணைக்கிற அதன் காலை வைஸ் இடுக்கியில் கவ்வவைத்து நெம்பினேன், டிக் என்று ஒரு சத்தம். கால் உடம்போடு சேரும் இடத்தில் முக்கால் சுற்றுக்கு விரிசல். சீமைச் சரக்கு, வார்ப்பு அலுமினியம், அதை ஒட்டவைக்க இந்த ஊரில் அன்றைக்கு எனக்கு ஆள் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவர் குளத்துக்குப் போக வேண்டும், அன்று வெள்ளி. போய்ச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நடுவில் துளை போட்டு சைக்கிள் ஸ்போக் கம்பி ஒரு துண்டைச் சொருகி, எம்-சீல் பசை வைத்து அடைத்து, அரத்தால் ராவிச் சமன் செய்தேன். ராவின தடம் தெரியாமல் இருக்கத்தான் ரீல் முழுவதற்கும் பச்சை எனாமலைக் கனமாக அடித்தேன், பிரைமருக்கு நேரமில்லை. நீ பார்த்த வழிசல் அதுதான். பார்க்கிறவர் கண் காலுக்குப் போய்விடக் கூடாதே என்று கடைசியில் மூடியில் அந்தக் கோட்டைப் போட்டேன். பெரிய லாஹிரியின் கண் நேராகக் கோட்டுக்குத்தான் போயிற்று. எண்ணெய் கேட்டேன், நகையே செய்துவிட்டாயே என்று அந்தக் காலத்துக் கூட்டாளிகள் எல்லாரிடமும் காட்டினார், அவர்களில் யாரும் இப்போது இல்லை. உன் கண்ணும் அங்கேதான் போயிற்று. ஒன்று மட்டும் நான் சொல்லாமல் விடமாட்டேன், அந்தக் கம்பியையும் எம்-சீலையும் நம்பி அவர் பதினொரு கிலோ கட்லா இழுத்துக் கரையேற்றினார், முப்பது வருஷம் கால் அசையவில்லை. உன் அடுப்பில் சுட்ட பெயிண்ட் முப்பது வருஷம் நிற்கிறதா பார்ப்போம்.

இனி சொல்வதுதான் சொல்லக் கூடாதது. வீடியோவின் முடிவில், அடுத்த வாரம் ஞாயிறு உடம்பை உரிக்கப்போகிறேன், நேரலையில் பாருங்கள் என்றாயே, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ரிமூவர் பட்டால் எம்-சீல் இளகும், கால் உன் கையோடு வரும். நாற்பதாயிரம் பேர் பார்ப்பார்கள். என்னைத் தவிர யாருக்கும் விரிசல் தெரியாது, ஆகையால் அபினவ் உடைத்துவிட்டான் என்பார்கள், லாஹிரியும் அப்படித்தான் நினைப்பான், நினைத்து ரீலை வாங்கிக்கொண்டு அனந்ததாவிடம் வருவான். இது எனக்குத் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அதுகூட இல்லை அபி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், அம்மா என்ன இன்னிக்குக் குஷியா இருக்கேள் என்று கேட்டாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்பது நாள் இப்படி இருந்தேன். நடுவில் நீ இரண்டு தடவை ஃபோன் செய்தாய், மழையைப் பற்றிப் பேசினேன்.

நேற்றுக் காலை லாஹிரி கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாவையும் டிவி முன்னால் உட்கார வைக்கப்போகிறானாம், அவளுக்கு எண்பத்தெட்டு, கணவரின் ரீலைப் பார்க்க ஆசைப்படுகிறாளாம், நானும் வர வேண்டுமாம். பிள்ளை பயப்படுகிறானா என்று கேட்டான். பிறகு அவனே, எதற்குப் பயம், அந்த ரீலை நீங்கள் தொட்டபின் ஒரு தடவைகூட மக்கர் செய்ததில்லை என்று அப்பா சாகும்வரை சொல்வார், வீடியோ பார்த்தா அபியிடம் கொடுத்தேன், அனந்ததா பிள்ளை என்று கொடுத்தேன் என்றான். எனக்கு ஃபோனைக் காதில் வைத்திருக்க முடியவில்லை. என் பெயரை நம்பித்தான் ரீல் உன்னிடம் வந்திருக்கிறது, நானோ உன் பெயர் கெடட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிட்டதும் ஆட்டோ பிடித்து அலிப்பூர் போய், சோபாவில் உட்காராமல் நின்றுகொண்டே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டிக் என்ற சத்தம் முதல் ரசம் வரை. அபிக்குத் தெரியுமா என்று மட்டும் அவன் கேட்டான். தெரியாது என்றேன். நான் சொல்லமாட்டேன், நீங்கள் சொல்லுங்கள் என்றான். அவ்வளவுதான். அந்த வீட்டில் எனக்கு டீ வராமல் நான் திரும்பியது நேற்றுத்தான் முதல் தடவை. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, இதைப் போட்டோ எடுத்து முடித்ததும் சொல்வேன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காலைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு ரிமூவர் வேண்டாம், உப்புத்தாளால் நிதானமாகத் தேய், சாம்பல் நிறத்தில் எம்-சீல் தெரியும், அங்கே நிறுத்து. அடுப்பில் வைக்கவே வைக்காதே. அங்கெல்லாம் அலுமினியத்தைப் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் காட்டு, செலவு என்னுடையது. ஆனால் என்னை மாதிரி மூடி மறைக்காதே, ஞாயிற்றுக்கிழமை விரிசலை விளக்கில் நன்றாகத் திருப்பிக் காட்டு. பதினான்காம் நிமிஷத்து முட்டாளும் இருபத்திரண்டாம் நிமிஷத்துக் கோட்டுக்காரனும் இரண்டு ஆளில்லை, ஒரே ஆள்தான், என் அப்பா என்று சொல். பெயரையும் சொல், இனிஷியலோடு சொல். திட்டுவதற்காவது நாற்பதாயிரம் பேருக்கு என் பெயர் தெரியட்டும்.

கோட்டை மட்டும் நீ மறுபடி போடப் பார்க்காதே. டேப் ஒட்டி அது வராது. எந்த பிரஷ், மூடியை எதன் மேல் வைத்தேன், மணிக்கட்டை எங்கே ஊன்றினேன் என்று இங்கே எழுத ஆரம்பித்தேன், எழுதி அடித்துவிட்டேன், மேலே மை அப்பியிருக்கிற இரண்டு வரி அதுதான், விளக்கில் தூக்கிப் பார்க்காதே, தெரியாது. எல்லாம் உன்னிடம் இருக்கிறது, இது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும். நீ வந்து மூன்று துர்கா பூஜை ஆகிவிட்டது. இந்த வருஷம் சப்தமிக்கு முன்னால் ஹம்சினியோடு வந்து சேர், மூடியைக் கைப்பெட்டியில் வைத்துக் கொண்டு வா, பார்சலில் போடாதே. காமிராவும் கொண்டு வா. கோடு நான் போடுகிறேன், நீ விளக்குப் பிடி.

பெயிண்ட் பீய்ச்சும்போது மூக்குக்கு மாஸ்க் போடு, போன வீடியோவில் போடவில்லை, நீ இருமுகிறாய் என்று அம்மா தினமும் கவலைப்படுகிறாள். தின்னர் டப்பாவைச் சமையல் அடுப்புப் பக்கத்தில் வைக்காதே. இரண்டு பேரும் தீர்க்காயுசாக, நல்ல கை ராசியோடு இருங்கள். அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். முழுக்கப் படித்துவிட்டாய் என்பதற்கு ஞாயிற்றுக்கு முன் ஒரு வரி பதில் போடு.

இப்படிக்கு,
முட்டாளும் கோடு போட்டவனுமாகிய
உன் அப்பா
த. அனந்தகிருஷ்ணன்