மெலேயானா பிறந்த தேதி

அன்பு மகன் சாமியுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் அப்பா, தங்கை மெலேயானா, நான் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நியூசிலாந்துக் குளிரில் பழம் பறிக்கிற நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன். உடம்புக்குத்தான் ஒன்றுமில்லை, மனது சரியில்லை. போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் நாளை ஆக்லாந்து வருகிற போதகர் மனைவி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மெலேயானாவைப் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களின் தேசியக் கால்பந்து அணியில் எடுத்தது உனக்குத் தெரியும். வியாழக்கிழமை ஃபிஜிக்கு விமானம். இப்போது போக முடியுமா என்பதே சந்தேகம். யாரோ ஒரு புண்ணியவான் பெயர் போடாமல் கால்பந்து அலுவலகத்துக்குத் தபால் அனுப்பியிருக்கிறான், உள்ளே அவளுடைய பிறப்புச் சான்றிதழின் நகல். இரண்டாயிரத்து ஒன்பது ஜனவரி ஒன்றிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள்தான் ஆடலாமாம். பிரசவத்துக்கு நான் சமோவாவில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன் அல்லவா, அந்த நாட்களில் சமோவாவின் நாட்காட்டி நமக்கு ஒரு நாள் பின்னால். அங்கே டிசம்பர் முப்பத்தொன்று, சான்றிதழில் இருப்பதும் அதுதான்; இங்கே டோங்காவில் ஜனவரி ஒன்று. போனில் சேதி கேட்ட உன் அப்பா நம் தேவாலயப் பதிவேட்டில் ஜனவரி ஒன்று என்று எழுதவைத்தார், பாஸ்போர்ட்டும் அதை வைத்தே எடுத்தது. இத்தனை வருஷம் புத்தாண்டு அன்றுதான் அவளுக்குப் பன்றி சுட்டு விருந்து வைத்தோம், ஒருவரும் குறை சொன்னதில்லை.

முதலில் பயிற்சியாளர் மேல்தான் எனக்குச் சந்தேகம். தேன் ஒழுகப் பேசுகிற ஆட்களை நான் நம்புவதில்லை. பிறகு பக்கத்து வீட்டு லவீனியா. அவள் மகள் மாற்று ஆட்டக்காரி, நம் பெண் விழுந்தால் அவள் ஏறுவாள். சேதி வந்த அன்றைக்கென்று பார்த்து லவீனியா சேம்பு இலையில் கட்டிய இறைச்சியோடு வந்து, "பாவம் அனாசீனி, பிள்ளை அழுவாளே, சாப்பிடச் சொல்லு"ன்னு முகத்தை வேறு தொங்கப்போட்டாள். பத்து வருஷமாக ஒரு வாழைப்பழம் கொடுக்காதவள். அதை அப்படியே பன்றிக்குப் போட்டேன். பன்றி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

நேற்று அலுவலகத்துக்கே போனேன். "எங்கம்மா மாதிரி இருக்கீங்க, ஒருதரம் பாத்துட்டுக் குடுங்க"ன்னு அங்கே வேலை பார்க்கிற பையன் நகலைக் காட்டினான். மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை. தேங்காய் எண்ணெய்க் கறை, என் விரல்தான். அசல் தாளில் அது இல்லை, பெட்டியைத் திறந்து இரண்டு தரம் பார்த்துவிட்டேன். நீ விசாவுக்குக் குடும்பத்தார் சான்றிதழ்களைக் கேட்டபோது தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு எடுத்துக் கொடுத்தேனே, அந்த ஒரு நகலில்தான் இருந்தது. லவீனியாவுக்கு அது எப்படிக் கிடைக்கும், நீயே சொல்.

ஏன் செய்தாய் என்று எனக்கு விளங்காமல் இல்லை. அவள் பெரியவளானதிலிருந்து நீ வெளியே தனிக் குடிசையில் படுத்தவன், அவள் டிவி பார்த்தால் எழுந்து போகிறவன், நம் ஊர் வழக்கத்து அண்ணன் தங்கை மரியாதையில் உன்னைக் குறை சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. அவள் அரைக்கால் சட்டையில் ஓடுகிற வீடியோவை உன்னோடு வேலை செய்கிற பையன்கள் பார்த்துச் சிரித்தார்கள் என்றும், உனக்குத் தலை நிமிர முடியவில்லை என்றும் மே மாதம் சொன்னாய். சிரித்தவன் வாயில் போட்டிருக்கலாமே மகனே, அவள் வயிற்றிலா அடிப்பது? தேதி பொய்யில்லை என்பாய். உண்மைதான் என்றால் பெயரைப் போட்டே அனுப்பியிருக்கலாமே.

புதன்கிழமை முடிவு சொல்வார்களாம். அதற்குள் அலுவலகத்துக்குப் போன் செய்து அனுப்பியது நீதான் என்று சொல், சமோவா நாட்காட்டிக் கதையையும் சொல். அண்ணன் வாயால் சொன்னால் கேட்பார்களோ மாட்டார்களோ, நீ சொல். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் கிறிஸ்துமஸுக்கு உனக்கு இந்த வீட்டில் இடமிருக்குமா என்பது சந்தேகம்.

குளிரில் காதை மூடிக்கொள், ஜெபத்தை விடாதே. கர்த்தர் உன்னைக் காத்து நல்ல புத்தி தரட்டும். மெலேயானாவுக்கு உன் மேல் ஒரு சந்தேகமும் இல்லை. உன்னிடம் நேரே பேசக் கூடாதே என்று என்னிடம் சொல்லி எழுதச் சொல்கிறாள்: "என் மேல யாருக்கோ கோவம்மா. அண்ணனை எனக்காக ஜெபம் பண்ணச் சொல்லு, அண்ணன் கேட்டா கர்த்தர் தட்டமாட்டாரு."

இப்படிக்கு,
உன் அம்மா அனாசீனி