சும்மா அடிக்கிற மணி

மகளின் அப்பாவுக்கு,

நான் சுகம். மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் இந்த இங்கிலாந்துக் கிராமத்தில் நானும் கிழடுகளும்தான். அறுபத்தொரு வயதில் நான் இங்கே குமரி.

போன மாதம் ஒரு பின்னேரம் இங்கத்தைக் கிறிஸ்தவக் கோயில் மணி நிற்காமல் அடித்தது. நம் ஊரில் செத்தவீட்டுக்குத்தானே அப்படி அடிக்கும். யாரோ மோசம் போய்விட்டார்கள் என்று வெள்ளைச் சீலையை உடுத்திக்கொண்டு ஓடினேன். உள்ளே ஐந்து கிழவர்கள் ஆளுக்கொரு மணிக்கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றார்கள். செத்தவீடு எது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன். ஒருவரும் சாகவில்லையாம். வாராவாரம் அடித்துப் பழகுகிறார்களாம். சும்மா!

ஆறாவது கயிற்றுக்கு ஆளில்லாததால் என்னைப் பிடிக்கச் சொன்னார்கள். இப்போது ஒரு வாரமும் தவறுவதில்லை. "உங்களுக்கு ஏனம்மா இந்த வேலை? தோள்மூட்டு நோகப்போகுது" என்று மகள் ஏசுகிறாள். நோகத்தான் செய்கிறது.

வெள்ளாங்குளத்தில் ஷெல் விழ விழ, கோயில் மணியும் இல்லாமல் குருவானவரும் இல்லாமல் நம் சின்னவனை மண்ணில் வைத்துவிட்டு ஓடினோம். அதை நீங்களும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. இப்போதும் பேச வரவில்லை.

இங்கே அடிப்பது யாருக்குமான மணி இல்லை. அதனால் நான் யாருக்காக இழுக்கிறேன் என்று ஒருவரும் கேட்பதில்லை.

மருந்தை நேரத்துக்கு எடுங்கோ.

சின்னவனின் அம்மா